கேன் தண்ணீரில் அலசிய சதை

ஒரகடத்தில் என் ஆய்வகத்துக்குச் சதை பெரும்பாலும் பைக்கில்தான் வரும். சின்ன நர்சிங் ஹோம்களில் கட்டியை அறுத்து, ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலில் போட்டு, வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். சதையை அழுகாமல் காப்பது அந்தத் திரவம்தான். அதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

அன்று வந்தது ஒரு பெண்ணின் மார்புக் கட்டி. கொண்டுவந்தவன் அவள் புருஷன். வல்லம் வடகாலில் வண்டிக் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் வேலை. ஓவர்டைம் பார்த்துவிட்டு, அறுத்த மறுநாள்தான் கொண்டுவந்து கொடுத்தான். மூடியைத் திறந்ததும் அழுகல் நாற்றம். இருந்தாலும் துண்டு போட்டு, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒரு செல்லிலும் உட்கரு இல்லை. வெறும் ரோஸ் நிறச் சேறு.

ரிசல்ட் கேட்கப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். "பாட்டில்ல இருந்த மருந்தை என்னய்யா பண்ணினே?" என்று கத்தினேன்.

"கண்ணே எரிஞ்சிது சார். லைன்ல கெமிக்கல் பட்டா ஒடனே தண்ணி வுட்டு அலசணும்னு சொல்லிக் குடுத்துக்கிறாங்க. அவ ஒடம்பு சார் அது. கேன் தண்ணில நல்லா அலசி, அதுலயே போட்டு வச்சேன்."

"அழுக வச்சுட்டியே, முட்டாள்! இனி அது புத்துநோயா இல்லையான்னு எவனாலயும் சொல்ல முடியாது."

முதல் குத்து என் வாயில் விழுந்தது. பல் குத்தி உதடு கிழிந்தது. டாக்டர் என்பதெல்லாம் மறந்துபோய் நானும் அவன் மூக்கில் இடித்தேன். ஸ்லைடு தட்டுகள் கவிழ்ந்தன. கண்ணாடித் தூளிலேயே இருவரும் புரண்டோம். முழங்கை கிழிந்து ரத்தம் ஒழுகியும் அவன் என் கழுத்தை விடவில்லை. "இன்னா கீதுன்னு சொல்லு! சொல்லுடா!" என்று நெரித்தான். எனக்குக் கண் இருட்டியது. கையில் அகப்பட்ட கண்ணாடிச் சில்லால் அவனைக் கொன்றுவிடத்தான் நினைத்தேன்.

அவன் முடியைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினாள் அவள். மார்பில் போட்ட தையல் பிரிந்து ரவிக்கையில் ரத்தம் ஊறியிருந்தது. "அந்தாள அடிச்சா தெரிஞ்சிடுமாய்யா?" என்று அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு மூச்சு வாங்க என்னிடம் திரும்பி, "சுத்தி இன்னும் சதை கீதில்ல சார்? திரும்ப அறுத்துப் பாருங்க" என்றாள்.

மறுவாரம் அறுத்தார்கள். இந்த முறை பாட்டிலை அவளே ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். மருந்து நெடியில் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வடிந்தது.

"ஒரு சொட்டு கூடக் கொட்டல சார்" என்றாள்.

ஸ்லைடில் ஒவ்வொரு செல்லும் அச்சடித்ததுபோல் தெளிவாக நின்றது. அத்தனையும் புற்று.