நார்வே மீனும் புவாகாம் அக்காவும்

அமெரிக்காவில், மினசோட்டாவில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெயர் சொல்ல இருப்பது இரண்டு. ஒன்று வான்கோழித் தொழிற்சாலை, இன்னொன்று, நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் சர்ச்சில் வருஷா வருஷம் நடக்கும் நார்வே மீன் விருந்து. புவாகாம் அக்கா இரண்டிலும் வேலை பார்த்தாள். தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து இடம் என்னுடையது. அவளைப் போல நானும் லாவோஸ் நாடுதான்.

அக்காவையும் அவள் புருஷனையும் தாய்லாந்து அகதி முகாமிலிருந்து வரவழைத்ததே அந்த சர்ச்தான். ஆர்டிஸ் என்ற அம்மாள் வீடு பிடித்துக் கொடுத்தாள், குளிருக்குக் கோட்டு கொடுத்தாள், ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தாள். அதனால் அக்காவும் கால் இடறினால் "ஐயோ" என்பதற்கு இந்த ஊர் நார்வேக் கிழவிகள் மாதிரி "உஃப்தா" என்பாள்.

வந்த வருஷமே விருந்துக்குக் கூப்பிட்டார்கள். காய்ந்த மீனைச் சோடா காரத்தில் ஊறவைத்து வேகவைப்பார்கள். தட்டில் கொழகொழவென்று ஆடும். நார்வேக்காரர்களின் பிள்ளைகளே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அக்கா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

"நாத்தம் தெரியலையா புவா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"எங்க ஊர் மீன் ஊறுகாயை நீங்க மோந்ததில்ல."

அடுத்த வருஷம் ஆர்டிஸ் அவளைச் சமையலறையில் சேர்த்துக்கொண்டாள். பிறகு கிழவிகளில் சிலர் செத்தார்கள், சிலர் குளிர் தாங்காமல் கடைசிக் காலத்தைக் கழிக்க அரிசோனாவுக்குப் போனார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆர்டிஸும் போய்ச் சேர்ந்தபின் அடுப்படி முழுக்க அக்கா பொறுப்புக்கு வந்தது. கூடமாட உதவிக்கு நானும் போவேன்.

ஒரு வருஷம் நகரத்துப் பத்திரிகையிலிருந்து போட்டோக்காரன் ஒருவன் வந்தான். பாரம்பரியத்தைப் பற்றி எழுதப் போகிறார்களாம். அண்டாவுக்குப் பக்கத்தில் அக்காவைப் பார்த்தவன், "நீங்க கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? நார்வேக்காரம்மா யாராவது நிக்கட்டும்" என்றான்.

விருந்துக் கமிட்டித் தலைவர் லாய்ட் சுற்றிப் பார்த்தார். பொன்னிறத் தலைமுடியோடு அங்கே இருந்தது அவருடைய மருமகள் மட்டும்தான்.

"இவ ஜெர்மன்காரி," என்றார்.

"படத்துல தெரியாது," என்றான் அவன்.

மருமகளுக்கு நார்வே ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிவிட்டார்கள். அக்கா ஏப்ரனைக் கழற்றி அதையும் அவளுக்குக் கட்டிவிட்டாள்.

"மீனையும் நீயே இறக்கிடும்மா," என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்தாள். நானும் பின்னாடியே போய் ஏறிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் லாய்ட் கோட்டுகூடப் போடாமல் வந்தார்.

"புவா, மீன் கஞ்சியாயிடுச்சு."

"ஆகும்."

"எம் மருமக அழுவுறா."

"அவ என்ன பண்ணுவா பாவம். அந்தப் பையன் ஊருக்குப் புதுசு. நீங்களும் புதுசா?"

லாய்ட் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "நான் அவன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

அவர் உள்ளே போனபோது போட்டோக்காரன் கிளம்பிப் போயிருந்தான். பத்திரிகையில் ஜெர்மன் மருமகள் அழகாகச் சிரித்தாள். தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பக்குவம் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் லாய்ட் எழுந்தார். "படத்துல இருந்திருக்க வேண்டியது புவாகாம். வாயைத் திறக்காதது என் தப்பு," என்றார். உட்கார்ந்துவிட்டார். வானிலையைத் தவிர வேறு எதையும் அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. அக்கா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜலதோஷம் என்றாள்.

அடுத்த வருஷம் சமைக்க ஒப்புக்கொண்டாள், மேஜைக்கு மேஜை மிளகாய்ச் சட்னி வைப்பதாக இருந்தால். வைத்தார்கள். லாய்ட் முகம் சிவக்கச் சாப்பிட்டு, "பரவாயில்லை," என்றார். நார்வேக்காரர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

இப்போது தொழிற்சாலையில் சோமாலியாக்காரர்கள் நிறைய. போன விருந்துக்கு அவர்களில் ஒரு பெண், ஹோதான் என்று பெயர், வந்து, மீனோடு பரிமாறும் கறி உருண்டையில் பன்றிக்கறி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பி லாவோ மொழியில் முணுமுணுத்தாள்.

"பாத்தியா? இந்த நாட்டுக்கு வந்துட்டு இந்த நாட்டு வழக்கத்துக்கு மாற மாட்டேங்குறாங்க."

"நீ மாறிட்டியாக்கா?"

"நான் உஃப்தா சொல்றேன்ல."

சொல்லிவிட்டு ஹோதானுக்கு ஒரு தட்டு நிறைய மீனை வைத்து, சட்னியை அதன் பக்கம் நகர்த்தினாள். ஹோதான் ஒரு வாய் வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாள்.