வில்மா வராத கூட்டம்

டெல்ஃபினா குரல் கொடுத்தால் மூன்றாம் பகுதியில் நாய்கூட எழுந்து உட்காரும். பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில் அந்தப் பேட்டையில் அவள் வெகுகாலமாகப் பகுதித் தலைவி. கூட்டம் என்றால் தெருமுனையில் நின்று ஒரே கத்து: "ஞாயித்துக்கிழமை கூட்டம்! கோழிக்கஞ்சி உண்டு! அரிசி மூட்டை குலுக்கல் உண்டு!" கூட்டத்தில் என்ன பேசப் போகிறார்கள் என்று அவள் சொன்னதுமில்லை, சனங்கள் கேட்டதுமில்லை. வருவார்கள், பேட்டைத் தலைவரான கேப்டன் சம்மதமா என்றால் கையைத் தூக்குவார்கள், கஞ்சியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

பக்கத்து நான்காம் பகுதிக்கு வில்மா தலைவியான அன்றோடு டெல்ஃபினாவின் நிம்மதி போயிற்று. வில்மா கத்துவதே இல்லை. ஒவ்வொரு வீட்டுப் படியிலும் உட்கார்ந்து, "உன் வாசல்ல விளக்குக் கம்பம் நடப்போறாங்களாம். எந்தப் பக்கம் வேணும்னு நீயே வந்து சொல்லு" என்பாள். அவளுடைய ஆட்கள் கூட்டத்தில் எழுந்து எழுந்து கேள்வி கேட்பார்கள். கேப்டன் வியர்வையைத் துடைத்தபடியே, "பகுதின்னா நாலாம் பகுதி மாதிரி இருக்கணும்" என்பார். அந்த ஒரு வார்த்தை போதும், டெல்ஃபினாவின் வயிறு பற்றிக்கொள்ளும்.

"நேத்து முளைச்சவ, அவ என்ன பெரிய இவளா?" என்று அடுத்த வீட்டு ரோசிங்கிடம் பொருமுவாள்.

"நீ ஏன்டி எரியுற? நமக்குக் கஞ்சி வந்தாச் சரி."

இப்படி இருக்கையில் ஒருநாள் கேப்டன் அவளை மீன் சந்தையில் பிடித்தார். "ஞாயிறு சாயங்காலம் ஒரு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தகப்பன். கூட்டத்தைக் காலைப் பூசை முடிஞ்சதும் வச்சுக்குவோம். ஒலிபெருக்கி வண்டி வேற பழுது. வில்மாகிட்டயும் சொல்லிடு."

"சொல்லிடறேன் கேப்டன்."

திரும்பி வரும்போது வில்மாவே தன் வீட்டு வாசலில் நின்றாள். "அக்கா, ஏதாச்சும் சேதி உண்டா?"

"ஒண்ணுமில்லடி."

வீடு வந்து சேரும்வரை டெல்ஃபினாவுக்கு நாக்கெல்லாம் இனித்தது.

ஞாயிறு காலை, கூடைப்பந்துத் திடலில் அவளுடைய ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நான்காம் பகுதி நாற்காலிகள் காலி. "எங்கே வில்மா?" என்று கேட்டார் கேப்டன். "பெரிய மனுஷங்க, வருவாங்களோ மாட்டாங்களோ" என்றாள் டெல்ஃபினா, ஒன்றுமே தெரியாதவள்போல.

நகராட்சிப் பொறியாளர் புதிய வடிகாலின் வரைபடத்தை விரித்தார். அவருடைய விரல் நான்காம் பகுதியில் புறப்பட்டு, வளைந்து வந்து, டெல்ஃபினாவின் தெருவுக்குப் பின்னால் நின்றது. அங்கிருந்து ஓடைவரை அடுத்த கட்டமாம். டெல்ஃபினாவுக்குப் பகீரென்றது. இரண்டு பகுதித் தண்ணீரும் அவர்கள் கொல்லையில் வந்தல்லவா நிற்கும்!

"சம்மதமா?" என்றார் கேப்டன். கஞ்சி அண்டாவைத் திறந்துவிட்டார்கள், இஞ்சி வாசனை வந்துவிட்டது. அத்தனை கையும் மேலே போயிற்று. ரோசிங் இரண்டு கையையும் தூக்கினாள்.

டெல்ஃபினா எழுந்தாள். "கேப்டன்... அந்தத் தண்ணி..." மேலே வார்த்தை வரவில்லை. தெருவையே எழுப்புகிறவள் அந்தத் திடலில் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

"உன் ஆளுங்களே கையத் தூக்கிட்டாங்களே" என்றார் கேப்டன்.

"உக்காருடி, கஞ்சி ஆறுது" என்றாள் ரோசிங்.

டெல்ஃபினா உட்காரவில்லை. வெளியே ஓடினாள். வில்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் நடக்குதுடி. வா."

"சாயங்காலம்தானே அக்கா?"

"மாத்திட்டாங்க. உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நான்தான் சொல்லல." மூச்சு வாங்கியது. "வயித்தெரிச்சல். போதுமா? தண்ணி எங்க வீட்டுக்குள்ள வரப்போகுது, வாடி."

வில்மா துணியை வாளியில் போட்டாள். "இத அப்புறம் பேசிக்குவோம்" என்று சோப்புக் கையை உதறிக்கொண்டு நடந்தாள்.

திடலில் வரைபடத்தைப் பார்த்ததும் அவள் பொறியாளர் பக்கமே திரும்பவில்லை. "போன மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்தவங்க மட்டும் கை தூக்குங்க" என்றாள். கைகள் மெல்ல எழுந்தன. "ரோசிங் அக்கா, உங்க வீட்ல எதுவரைக்கும்?"

ரோசிங் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "கட்டில் காலு முழுகிப்போச்சுடி. அரிசிப் பானை மிதந்துச்சு." அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். "வில்மா, எங்க சுவரு இடிஞ்சதையும் சொல்லு!" டெல்ஃபினாவின் ஆட்கள், அவள் கத்திக் கத்திக் கூட்டிவந்த ஆட்கள், வில்மா வில்மா என்றார்கள். வீடு பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, இதற்கு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஓடைவரைக்கும் வரைஞ்சு கொண்டாங்க, அப்புறம் கை தூக்கறோம்" என்று கேப்டன் வரைபடத்தைச் சுருட்டிப் பொறியாளரிடம் கொடுத்தார்.

வீடு திரும்பும் வழியில் ரோசிங் சொன்னாள்: "அடுத்த கூட்டத்துக்கு வில்மா வருவாளான்னு கேட்டுச் சொல்லுடி. அவ வந்தாத்தான் நான் வருவேன்."

அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்ததும் டெல்ஃபினா தெருமுனைக்குப் போகவில்லை. நேரே வில்மாவின் வாசலுக்குப் போனாள்.

"ஏதாச்சும் சேதி உண்டா அக்கா?"

"உண்டுடி" என்று படியில் உட்கார்ந்தாள். நாள், நேரம், பேசப்போகிற விஷயம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.