உள்ளேயே நின்ற மருந்து

பாபநாசம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறோம். சிறுநீரகக் கோளாறு இருப்பதால் என் கணவர் தினமும் மாத்திரை சாப்பிடுபவர். சென்ற குறுவை அறுவடையின்போது மலச்சிக்கல் வந்து அவர் வயிறு கல்லாகிவிட்டது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மருந்துக் கடையில், ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்தும் எனிமா பாட்டில் இரண்டு வாங்கி வந்தார்.

மதியம் ஒன்றைப் போட்டுக்கொண்டார். சில நிமிடங்களில் வெளியேறிவிடும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒரு மணி நேரமாகியும் மருந்துகூட வெளியே வரவில்லை. நாக்கு வறண்டது. விரல்கள் தாமாக மடங்கத் தொடங்கின.

"இன்னொன்னை எடு, சரியாயிடும்," என்றார்.

அந்த விரல்களைப் பார்த்துப் பயந்து, கொல்லைக்குப் போய்க் கடைக்கு ஃபோன் செய்தேன். மருந்தாளுநர் பெண் எடுத்தார். எனிமா போட்டதையும் விரல்கள் மடங்குவதையும் சொன்னேன்.

"உள்ள போன மருந்து வெளிய வந்துச்சாங்க?"

"இல்லம்மா."

"கிட்னி, ஹார்ட் பிரச்சனை ஏதும் இருக்கா?"

"கிட்னிக்கு மாத்திரை சாப்பிடுறாரு."

அவர் குரல் மாறியது. "ரெண்டாவதைத் தொடாதீங்க. ஒரு நாள்ல ஒண்ணுக்கு மேல யாருமே போடக்கூடாது. அவருக்கு ஒண்ணே ஆபத்துங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

தஞ்சாவூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே நின்ற மருந்திலிருந்த உப்பு ரத்தத்தில் ஏறி, உப்புகளின் அளவு தாறுமாறாகியிருந்தது. இதயத் துடிப்பும் தடுமாறிக்கொண்டிருந்தது. "இன்னொண்ணு போட்டிருந்தா இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டாரும்மா," என்றார் டாக்டர்.

பிழைத்துவிட்டார். வயலுக்கும் போகிறார். ஆனால் அன்று கடைக்கு முதல்முறை அழைத்து மணி அடித்தபோது, இதை எப்படிச் சொல்வது என்று கூசி நான் ஃபோனைத் துண்டித்துவிட்டேன். மறுபடி அழைக்காமலே உள்ளே போயிருந்தால், இரண்டாவதையும் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.