தவக்காலத்தில் விளையாடியது

எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது ஆகியும் அவன் நடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான்; கையை விட்டால் உட்கார்ந்துவிடுவான். "கொஞ்சம் பொறுங்க, நடப்பான்" என்றார் டாக்டர். எனக்குப் பொறுக்கத் தெரியவில்லை. 2006-இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்ததும், மாமியாரும் நானும் சேர்ந்து ஒரு வேண்டுதல் வைத்தோம். பிள்ளை நடக்க வேண்டும். அதற்காக ஈஸ்டர் வரைக்கும் கறி மீன் கிடையாது, டிவி கிடையாது, விளையாட்டு வேடிக்கை எதுவும் கிடையாது. மாமியார் டிவி மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தினார்.

அப்போது நான் பாண்டிச்சேரியில் கேம் ஆர்ட் முதுகலைப் படிப்பில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து நடத்தியதால் வகுப்பு பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் வீடு, மரம், மலை எல்லாவற்றையும் யாராவது வரைய வேண்டும் அல்லவா, அதற்கான படிப்பு. கல்யாணத்துக்கு முன் ஓவியத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். இதையும் முடித்துவிட்டால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், பிள்ளை பக்கத்திலேயே இருக்கலாம் என்று என் கணவர்தான் சொன்னார். அவர் உப்பு லாரிகளுக்கு லோடு ஏற்றும் இடத்தில் சூப்பர்வைசர். பிள்ளையோடு இருப்பதற்காகத்தான் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறேன் என்பது காலையில் மரக்காணத்தில் பஸ் ஏறும்போது சரியாகத்தான் இருக்கும். பஸ் அனுமந்தையைத் தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிடும்.

சாம்பல் புதனுக்கு மறுநாள் ஆசிரியர் முதல் வேலையைக் கொடுத்தார். அவர் தரும் விளையாட்டை முழுதாக விளையாடி முடிக்க வேண்டும். பிறகு அதில் வரும் ஓர் இடத்தை நாமே மாற்றி வரைந்து, ஈஸ்டர் முடிந்து வரும் முதல் வகுப்பில் காட்ட வேண்டும். தேறாதவர்கள் படிப்பில் தொடர முடியாது.

"விளையாடாம வரையலாமா சார்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

"ருசி பார்க்காம சமைப்பீங்களாம்மா?" என்றார் அவர். ஒருசந்தி விரத நாளில் அப்படித்தான் சமைக்கிறோம் என்று வாய் வரை வந்தது.

அன்றே கொஞ்சம் விளையாடிப் பார்த்தேன். மவுஸை நகர்த்தினால் திரையில் உலகமே சுழன்றது. பாத்ரூமுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இளைஞர், ஊருக்குப் புதியவர்.

"விளையாடினா மார்க் குடுப்பாங்களா?" என்றார்.

"ஆமாங்க ஃபாதர்."

"நான் படிக்கறப்ப இதெல்லாம் இல்லாமப் போச்சே." பிறகு கேட்டார்: "விளையாடினா சந்தோஷமா இருக்குதா?"

"தலை சுத்துது ஃபாதர். வாந்தி வருது."

"அப்ப அது தவம்தான், ஒறுத்தல்தான். தைரியமா பண்ணுங்க."

தைரியமாகச் செய்தேன். தினமும் மதியம் லேபில் உட்கார்ந்து தலைசுற்றலைப் பிள்ளைக்காகக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தேன். விளையாட்டில் ஓர் இடத்தைத் தாண்டவே முடியவில்லை. ஒரு கோட்டை, அதன் முன்னால் கட்டம் கட்டமாக ஆழமில்லாத தண்ணீர். நான் ஒவ்வொரு தடவையும் வரப்பு வழியாகவே சுற்றிப் போனேன். கோட்டைச் சுவரில் இருந்தவன் ஒவ்வொரு தடவையும் அம்பு விட்டு என்னைக் கொன்றான்.

பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, ஏன் சுத்திச் சுத்திப் போறீங்க? நடுவுல எறங்கி ஓடுங்க."

"பாத்தியில கால் வைக்கக் கூடாதுமா."

"எந்தப் பாத்தி?"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. எங்கள் ஊரில் உப்புப் பாத்தியில் வேலை இல்லாதவர்கள் இறங்கமாட்டோம். மிதித்து இறுக்கிய தரை உடையும், உப்பில் சேறு கலக்கும். சின்ன வயதிலிருந்து வரப்பிலேயே நடந்த கால், திரைக்குள்ளும் வரப்பைத் தேடியிருக்கிறது.

"அக்கா, இது உப்பு இல்ல. கீழ மண்ணுகூட இல்ல. சும்மா கலர்."

இறங்கினேன். தண்ணீர் தெறித்தது. ஓடினேன். அம்புகள் எல்லாம் பின்னால் விழுந்தன. கோட்டைக் கதவைத் தொட்டதும் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பெண் கை தட்டினாள். அதற்குப் பிறகுதான் வேண்டுதல் நினைவுக்கு வந்தது. தலை சுற்றவில்லை. எந்த நாளிலிருந்து சுற்றவில்லை என்றும் தெரியவில்லை.

சாயங்காலம் மாமியாரிடம் சொன்னேன்.

"சிரிச்சியா?"

"சிரிச்சிட்டேன் அத்தை."

"சத்தமாவா?"

"ஆமா."

பிள்ளைக்கு இன்னொரு வாய் ஊட்டிவிட்டுச் சொன்னார்: "காபியை விட்டுடு. அதுக்கு இது சரியாப் போயிடும்."

"யாரு சொன்னாங்க?"

"நான் சொல்றேன். வேற யாரு சொல்லணும்?"

காபியை விட்டேன். இப்போது தலைவலி வந்தது. ஆனால் விளையாட்டு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. சந்தோஷம் வந்துவிடக் கூடாதே என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வேன். "அக்கா, கேம் ஆடறீங்களா, எழவு வீட்டுல உக்காந்திருக்கீங்களா?" என்பாள் அந்தப் பெண்.

ஈஸ்டர் அன்று காலை மகனுக்குப் புதுச் சட்டை போட்டு, கூடத்தின் நடுவில் நிறுத்திக் கையை விட்டேன். உட்கார்ந்துவிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சமையலறைக்குப் போய் அழுதேன். மாமியார் பின்னாலேயே வந்தார்.

"நான் சிரிச்சதாலதான் அத்தை. நாளைக்கு நான் காலேஜுக்குப் போகல. இதோட போதும்."

"இன்னா பேசற நீ? நீ சிரிச்சே, சரி. நான் எங்க சிரிச்சேன்? ஒரு நாளு டிவி பார்த்தேனா? என் வேண்டுதலுக்காவது அவன் நடந்திருக்கணும் இல்ல?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு நெனச்சுக்காதம்மா. அவ்ளோ பெரிய ஆளு இல்ல நீ. கறி அடிபிடிக்குது, பாரு."

கூடத்துக்குப் போய் டிவி மேலிருந்த புடவையை இழுத்துப் போட்டார்.

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். கோட்டைக்கு முன்னால் இருந்த தண்ணீரை வெள்ளை வெளேரென்ற உப்புப் பாத்திகளாக மாற்றி வரைந்திருந்தேன். ஆசிரியர் வெகுநேரம் பார்த்தார்.

"இதுல ஆடறவன் எந்தப் பக்கம் போவான்?"

"தெரியல சார். எறங்கலாமா வேணாமான்னு கொஞ்ச நேரம் நிப்பான்."

"நிக்கட்டும்" என்றார். தேறிவிட்டேன்.

மகன் நடந்தது ஜூன் மாதத்தில், எந்த வேண்டுதலும் இல்லாத ஒரு சாதாரண நாளில், டிவி ரிமோட்டை எடுப்பதற்காக. மாமியார் தெருமுனை பூத்திலிருந்து கல்லூரிக்குப் போன் செய்து சொன்னார். அப்போது நான் லேபில் விளையாடிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு அங்கேயே ஒரு செபம் சொன்னேன். ஈஸ்டருக்குப் பிறகும் தொடாமலே இருந்த காபியை அன்று மாலை குடிக்கலாமா கூடாதா என்று மட்டும் பஸ் மரக்காணம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.