ஒரே ரீலில் போய்வந்த பேச்சு

டேப் ரிக்கார்டர் ரிப்பேர் என்பது, பூசி மெழுகாமல் சொன்னால், துருவைத் துடைத்து வயிறு கழுவுகிற தொழில்.

எழுபதுகளில் தருமபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர்க் கடை வைத்திருந்தேன். கேசட் அப்போது இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் ரீல்தான். ரீலில் சுற்றியிருப்பது ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் ஒரு முகத்தில் இரும்புத் துருவை மாவாக்கி, பசையில் குழைத்து, நகத்தால் சுரண்டினால்தான் தெரியும் என்கிற அளவுக்கு மெல்லிசாகப் பூசியிருப்பார்கள். மெஷினில் ‘ஹெட்’ என்று ஒரு சின்னக் காந்தம் உண்டு. நாம் பேசப் பேச, அது அந்தத் துருவை அங்கங்கே ஏற்ற இறக்கமாகக் காந்தமாக்கிக்கொண்டே போகும். திரும்ப ஓட்டினால் பேச்சாக வரும். விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவை வாடிக்கையாளர்களுக்கு விளங்க வைக்க முடியாமலே என் பாதி ஆயுசு போயிற்று. சைக்கிள் கடையோ வாட்ச் கடையோ வைத்து, ஜனங்களின் வாயில் விழுந்து எழுந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

விளக்கெண்ணெய்

கடத்தூரில் மைக்செட் வைத்திருந்த ஒருவர் ஒருநாள் ரீலைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். அவருடைய சொந்தக் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரமும் பெண்கள் பாடிய நலுங்குப் பாட்டும் அதில் இருந்தன. பாடிய பெண்கள் எல்லாம் கல்யாணமாகித் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். மறுபடி ஓரிடத்தில் உட்காரவைத்துப் பாடச் சொல்ல முடியாது. ரீல் ஓடும்போது கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டதாம். மனிதர் கையில் விளக்கெண்ணெயைத் தொட்டு, நாடா முழுவதையும் விரலிடுக்கில் வைத்து உருவிவிட்டார். ஊறிப்போன பூச்சு மெஷினில் ஏறியதும் செதில் செதிலாக உரிந்துவிட்டது.

வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். நாடா கண்ணாடி மாதிரி இருந்தது, அந்தப் பக்கம் சுவர் தெரிந்தது. இனி இதில் ஒன்றும் இல்லை, பழுப்புப் பொடி முழுக்கப் போய்விட்டது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: “பொடி போனா போவுதுங்க. பாட்டு எங்க போச்சு?”

ஊசிக் காந்தம்

காரிமங்கலத்தில் ஒரு தையற்காரர். இளவயதில் நன்றாகப் பாடுவாராம். யாரோ ஒரு புண்ணியவான் அப்போது அவர் பாட்டை ரீலில் பிடித்துக் கொடுத்திருக்கிறார். பீடி தொண்டையைத் தின்றுவிட்டது. அவர் பேசுவதைக் கேட்டால் இவரா பாடினார் என்று சந்தேகம்தான் வரும். மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை.

ஓட்டினேன். உஸ்ஸென்ற இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. மேலே, கீழே, புரட்டி, திருப்பி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ரீலை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். தையல் மெஷின் டிராயரில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன் என்றார். டிராயரில் வேறு என்ன இருக்கும் என்று கேட்டேன். கீழே விழுகிற ஊசிகளைப் பொறுக்க ஒரு காந்தம், பழைய ஸ்பீக்கரில் கழற்றியது, நல்ல பவர் என்று பெருமையாகச் சொன்னார். அந்தக் காந்தத்தின் மேல்தான் ரீல் இத்தனை நாள் தூங்கியிருக்கிறது. துருவில் இருந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் அது ஒரே சீராகக் கலைத்துவிட்டது. விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, உடைந்த குரலில் அவர் சொன்னது இதுதான்: “ஊசி ஒண்ணுகூடத் தொலையலீங்க. பாட்டுதான் தொலஞ்சிருச்சு.”

வந்த பாத்திரம்

இனி நான் சொல்லப்போவதெல்லாம் சவரியம்மாளைப் பற்றித்தான். பென்னாகரம் பக்கத்துக் கிராமம். கடலைக்காட்டில் கூலி வேலை. புருஷன் இல்லை. ஒரே மகன் அந்தோணி, பட்டாளத்தில் வடக்கே எங்கோ மலைப்பிரதேசத்தில் இருந்தான். லீவில் வந்தவன் அம்மாவைக் கடைக்கே கூட்டி வந்து, உள்ளங்கை அகல ரீல் ஒன்றைக் காட்டினான். கூட இருக்கும் சிநேகிதனிடம் டேப் ரிக்கார்டர் இருக்கிறதாம். “இதுல பேசி அனுப்பறேங்ணா. அம்மா வந்தா போட்டுக் காட்டுங்க. அப்புறம் அதுலயே அம்மா பேசட்டும், திருப்பி அனுப்பிருங்க” என்றான். அந்தம்மாளுக்கு எழுத்து தெரியாது. கடிதம் வந்தால் ஊர் வாத்தியார்தான் படித்துக் காட்டுவார். எம்மவன் பேச்சு வாத்தியார் கொரல்ல வருது, கேக்கவே புடிக்கல என்று சவரியம்மாள் என்னிடம் சொன்னார்.

ரீல் தபாலில் வரும். அவர் பஸ் ஏறி வருவார். நான் மெஷினை ஓடவிட்டு வெளியே டீக்கடைக்குப் போய்விடுவேன்; தாயும் மகனும் பேசிக்கொள்கிற இடத்தில் நமக்கென்ன வேலை. கேட்டு முடித்ததும் கூப்பிடுவார். பதிவுக்கான பித்தானை அழுத்திவிட்டு மறுபடி வெளியே போவேன். அவர் பேசப் பேச, ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் இன்னொரு காந்தம் மகன் பேசியதைத் துடைத்துக்கொண்டே வரும். எனக்குத்தான் மனது கேட்கவில்லை. பழைய ரீல் ஒன்றை எடுத்து, காசு வேண்டாம், இதில் நீங்கள் பேசுங்கள், மகன் பேசியது அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் கையால்கூடத் தொடவில்லை. “வந்த பாத்திரத்தக் கழுவி, நம்முளுது ஏதாச்சும் போட்டுத்தான் தம்பி திருப்பிக் குடுக்கோணும். வேற பாத்திரத்துல குடுத்தா ஒறவு என்னாத்துக்கு ஆவும்?”

இடைவெளி

ஒருமுறை நான் டீ குடித்துவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டேன். சவரியம்மாள் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரீல் சுற்றிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல மறந்து தவிக்கிறார் என்று நினைத்து, பேசுங்கம்மா, சும்மா ஓடுது என்று சைகை காட்டினேன். அவர் கையமர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்பிடியா, சரி சரி” என்றார். பிறகு ஆடு குட்டி போட்டதைச் சொன்னார். மறுபடி மௌனம். மறுபடி, “ம்... அதான பாத்தேன்” என்றார்.

முடிந்ததும், ரீல் சின்னது, இப்படி இடையிடையே வீணாக்கினால் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும் என்று கொஞ்சம் கடிந்தே சொன்னேன். அவருக்கு என் புத்தி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. “நானே பேசிக்கிட்டிருந்தா அவன் எப்பத்தாங்க பேசுவான்?”

திரும்பி வந்த பொட்டலம்

மலைப்பாதையில் பட்டாள லாரி உருண்டு அந்தோணி போய்விட்டான் என்று பென்னாகரம் பஸ் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். சில வாரம் கழித்துச் சவரியம்மாள் கடைக்கு வந்தார். மகனுடைய டிரங்குப் பெட்டி வந்திருந்ததாம். அதில் துணிமணியோடு ஒரு பொட்டலம். நான் கட்டி, நான் அரக்கு வைத்து அனுப்பிய அதே பொட்டலம். அரக்கு உடையவே இல்லை. அம்மா கடைசியாகப் பேசி அனுப்பியது போய்ச் சேருவதற்குள் அவன் இல்லை.

“போடுங்க தம்பி” என்றார். போட்டேன். முதல்முறையாக வெளியே போகவில்லை. அந்தோணி, சளி கொறஞ்சிருச்சா என்று அவர் குரல் வந்தது. இடைவெளி. கம்பளியப் போத்திக்க, வெக்கப்படாத என்று வந்தது. இடைவெளி. பெண் ஒன்று பார்த்து வைத்திருப்பதைச் சொல்லி, சிரிக்காத என்று வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் சவரியம்மாள் மெஷினை நோக்கிக் கொஞ்சம் குனிந்தார். நாடா முழுவதும் ஓடி, வால் பட்பட்டென்று அடிக்கத் தொடங்கியது. மெஷினை நிறுத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைக் கேட்டார்: “இது நானுங்க. எம்பையன் எங்க?”

ஓரம்

துடைத்துவிட்டுத்தானே அம்மா நீங்கள் பேசினீர்கள் என்று மெல்லச் சொன்னேன். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. எழுதின சிலேட்டைத் துடைத்தாலும் கொஞ்சம் தெரியுமே, அதுபோல அடியில் இருக்காதா என்று கேட்டார். இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு மனது அரித்தது. இரண்டு மெஷின்களின் ஹெட் இம்மி பிசகாமல் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. வடக்கே அந்தச் சிநேகிதனின் மெஷின் எழுதிய அகலத்தில், என் மெஷின் துடைக்காமல் விட்ட ஓரம் மயிரிழை அளவுக்கு இருக்கலாம். கண்டக்டரிடம் சொல்லியனுப்பி அவரை வரவழைத்தேன்.

ஹெட்டின் திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்பினேன். அவருடைய குரல் மங்கிக்கொண்டே போனது. அவர் பேசுகிற இடமெல்லாம் ஒரே குழப்பம்; அவர் பேசாமல் விட்டிருந்த இடங்களில் மட்டும், இரைச்சலுக்கு அடியில், ஏதோ ஏறி இறங்கியது. எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. சவரியம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “களி திங்கோணும்போல இருக்குதுங்கறான் தம்பி. அன்னிக்கே சொல்லியிருக்கான். நான் அதுக்குப் பதில் சொல்லாமயே உட்டுட்டேன்.”

தேய்மானம்

அதற்குப் பிறகு கூலி கிடைக்காத நாளெல்லாம் வந்தார். கடையில் வேறு ஆள் இருந்தால் சந்தில் நிற்பார். ஆள் போனதும் உள்ளே வந்து உட்காருவார். போடுவேன். அந்த ரீலோ மட்டமான சரக்கு. மலைக்குளிரிலும் நம் ஊர் வெயிலிலும் மாறி மாறி அடிபட்டுப் பசை விட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் ஹெட்டில் பழுப்புப் பொடி அப்பியிருக்கும். மறுநாள் கேட்டால் முந்தின நாளைவிட மங்கலாக இருக்கும். ஓரம்தான் முதலில் உதிர்கிற இடம். அவன் இருந்ததோ ஓரத்தில். இரவல் மெஷின் ஒன்று வாங்கி வந்து வேறு ரீலில் பிரதி எடுத்துப் பார்த்தேன். பிரதியில் இரைச்சல் மட்டும் அழகாகப் பதிந்திருந்தது.

இதைச் சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? ஒருநாள் ஹெட்டைத் துடைத்து, விரலில் ஒட்டிய பொடியை அவரிடம் காட்டினேன். அம்மா, கேட்கக் கேட்க இதுதான் கழன்று வருகிறது, இதில்தான் பேச்சு இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் ஒன்றும் கேட்காது என்றேன். அழுவார் என்று நினைத்தேன். இன்னும் ஒருமுறை போடச் சொல்வார், மறுக்க எனக்குத் தெம்பு இருக்காது என்றும் நினைத்தேன். அவர் அந்தப் பொடியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரீலைக் கழற்றித் தரச் சொன்னார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். கடையில் இருக்கட்டும் அம்மா, தூசி படாமல் நான் வைத்திருக்கிறேன், உங்களால் அங்கே கேட்கக்கூட முடியாதே என்று படியிறங்கியவரிடம் சொன்னேன். திரும்பிப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்: “எங்க வூட்டுல மிசினு இல்லீங்க தம்பி. அங்க இருந்தா எம்பையன் தேய மாட்டான்.”

ரிப்பேர்க் கடைக்காரன் ஒருவனுக்கு இதைவிடக் கறாரான நற்சான்றிதழை யாரும் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.