அரைப் புள்ளி குறைந்த ஆங்கில டீச்சர்

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அப்படிப்பட்ட நானே ஆங்கிலப் பரீட்சையில் அரைப் புள்ளி குறைந்து நின்றேன். வெளிநாட்டில் ஒரு வருட ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. வாசிப்பு, எழுத்து, கேட்டல் மூன்றிலும் அவர்கள் கேட்டதற்கு மேலேயே வாங்கியிருந்தேன். பேச்சில் மட்டும் அந்த அரை. இரண்டு மாதத்துக்குள் அதைச் சரிசெய்து அனுப்பினால் இடம் எனக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பாடசாலைப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். பெறுபேற்றைப் பார்த்த அன்று வீடே அதிரச் சத்தம் போட்டேன். பதினொரு வருடமாகப் படிப்பிக்கிறவளுக்குப் பேசத் தெரியாதாமா? மீள்பரிசீலனைக்குப் போடுகிறேன், நான் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்களே, இன்னொருவர் கேட்டுப் புள்ளி போடட்டும் என்றேன். மீள்பரிசீலனையா, மறுபடி பரீட்சையா, இரண்டில் ஒன்றுக்குத்தான் எங்களுக்கு வசதியும் இருந்தது, நாளும் இருந்தது.

அம்மா முழுக்க என் பக்கம். இன்னும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர் அவர். தராசில் கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையைச் சும்மா விடமாட்டார்.

"நிறுத்தது சரியில்லன்னா மறுபடி நிறுக்கச் சொல்லணும். வாய மூடிக்கிட்டு வந்தா நம்மளத்தான் ஏமாத்துவாங்க. நீ போடு," என்றார்.

அடுத்த நாளே எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கதை பரவிவிட்டது. எங்கள் லயத்து வீடுகளில் யாரைக் கண்டாலும், "விடாதீங்க டீச்சர்" என்றார்கள். எனக்கு மானம் போன மாதிரியும் இருந்தது, பலம் வந்த மாதிரியும் இருந்தது. என் கணவர் மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவர் தலவாக்கலையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் கருத்துச் சொல்ல மாட்டார்.

சனிக்கிழமை தலவாக்கலையில் ஒரு கொமினிகேஷன் கடையில் இரண்டு பேரும் கணினி முன்னால் உட்கார்ந்தோம். மீள்பரிசீலனைப் படிவத்தை நிரப்பிக்கொண்டே போனேன். கடைசிப் பொத்தானை அழுத்தப் போகும்போது அவர் கேட்டார்.

"இரு. அந்தாளு என்னா கேட்டாரு, நீ என்னா சொன்ன? அத மொதல்ல சொல்லு."

"அடிக்கடி போற எடத்தப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசச் சொன்னாருங்க."

"நீ?"

"நான் கோயிலுக்குப் போவேன் சார். அது சின்னக் கோயில் சார்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"வேற ஏதாவது இருக்கான்னு கேட்டாரு. இல்ல சார், நன்றி சார்னு சொன்னேன்."

அவர் ஒரு நிமிடம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அந்த ரெக்கார்ட எத்தன பேரு கேட்டாலும் ஒன் மூச்சுச் சத்தந்தான்டி கேக்கும்!"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. கண்டியில் அந்தப் பரீட்சை அறைக் கதவைத் திறந்ததும் மேசைக்குப் பின்னால் நரைத்த மீசையோடு ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவ்வளவுதான், எனக்கு அவர் தோட்டத் துரையாகிவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் துரை ஏதாவது கேட்டால், கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அதற்கு மேலே பேசினால் வாய்க்காரி என்று பெயர் வரும். அது தெரிந்தே வளர்ந்தவள் நான். பரீட்சையிலும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன். அந்த மரியாதைக்குத்தான் அரைப் புள்ளி போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படிவத்தை மூடிவிட்டு, மறுபடி பரீட்சைக்கே பதிந்தேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவேயில்லை. "சுருக்கமாச் சொன்னா என்னா, தப்பாவா சொன்ன? பெரியவங்க முன்னால நீட்டி நீட்டிப் பேசுவாங்களா யாராச்சும்?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பழகுவதற்கு அகப்பட்டவர் கணவர். அவர் சாப்பிட உட்கார்ந்தால் நான் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிடுவேன். இரண்டு நிமிடத்துக்குக் குறுக்கே பேசக் கூடாது, தலையை மட்டும் ஆட்ட வேண்டும். பாதி அவருக்கு விளங்காது. இருந்தாலும் நன்றாகத் தலையாட்டினார். ரொட்டி ஆறிப்போவதுதான் அவருக்குக் கவலை. நானும் வகுப்பில் பிள்ளைகளிடம் "கேட்டதுக்கு மட்டும் பதில்" என்று அதட்டுவதை நிறுத்தினேன். வகுப்பு இரைச்சலாகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாவது தடவை மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வழியில் தாமதமான ஒரு நாளைப் பற்றிப் பேசச் சொன்னார். பழையபடி நாற்காலி நுனிக்கே போனேன். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். நுவரெலியா வீதியில் மண்சரிந்து பஸ் நின்ற நாளைச் சொல்லத் தொடங்கினேன். மழையில் இறங்கியது, கண்டக்டர் தன் குடையை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்தது, சிங்கள வீட்டுக்காரர் ஒருவர் எங்கள் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கையைத் தூக்கி நேரம் முடிந்தது என்றார்.

"கொஞ்சம் பொறுங்கள் மேடம், பஸ் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பஸ்ஸை ஊர் சேர்த்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

பெறுபேறு வந்தபோது பேச்சில் தேவையானதற்கு மேலேயே இருந்தது. பயிற்சி இடம் எனக்குத்தான். கணவர் ஊருக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தார். அம்மாவோ புள்ளியை விட்டுவிட்டு அந்த அறைக்குள் நடந்ததையே கேட்டார்.

"அவ்ளோ பேசுனப்ப அந்தம்மா ஏசலியா?"

"இல்லம்மா."

"போதும் போன்னு சொல்லலியா?"

"ஒருக்கா நேரம் முடிஞ்சதுன்னாங்க. அப்பறம் சிரிச்சிட்டு, கன்னத்துல கைய வச்சிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"இத்தன வருஷமா பெரட்டுல நிக்கிறேன். நம்ம பேச்ச அப்படி ஒக்காந்து யாரும் கேட்டதில்லடி," என்றார் அம்மா. பிறகு கொழுந்துக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அங்க சொன்ன மாதிரியே சொல்லு. இங்கிலீசுலயே சொல்லு. நான் கேக்குறேன்."