வாராவாரம் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கும் முன் சாட்சி நேரம் உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒருவருக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கும். அதெல்லாம் சில்லறைச் சாட்சி என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் இளக்காரம். என்னுடையது பெரியது. குடித்து அழிந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரை ஆண்டவர் மீட்டுக்கொடுத்த சாட்சி.

அதை நன்றாகவே சொல்வேன். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் சாலையில் லுங்கி விலகி அவர் விழுந்து கிடந்தது, ஷேர் ஆட்டோக்காரர் கையைப் பிடித்துக் கெஞ்சி நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது, கடைசியில் முழங்கால் போட்டு, "என்னால ஒன்னும் ஆவல ஆண்டவரே, என்னையே எடுத்துக்கோங்க, இந்த ஊட்டுக்குள்ள வாங்க" என்று என்னை ஒப்புக்கொடுத்தது. எங்கே குரல் தழுதழுக்க வேண்டும், எங்கே நிறுத்தினால் பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்தோத்திரம் வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பொய் ஒன்றும் சொல்லவில்லை. தடவைக்குத் தடவை அவர் கொஞ்சம் கூடுதலாகக் குடித்திருப்பார், நான் கொஞ்சம் கூடுதலாக அழுதிருப்பேன், அவ்வளவுதான்.

நான் எழுந்ததும் ஆண்கள் பக்கத்தில் அவர் தலையைக் குனிந்துகொள்வார். ஜெபிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இந்த வருடம் வெயில் தொடங்கிய சமயம், தன் கம்பெனியில் தனக்குக் கீழே வேலை செய்யும் ஆபரேட்டர் ஒருவரைச் சபைக்கு அழைத்து வந்தார். பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி அது. இவர் அங்கே சூப்பர்வைசர். இத்தனை வருடத்தில் அவர் யாரையும் அழைத்து வந்ததில்லை. அன்று சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"அண்ணந்தான் ஒரு நாளு வா, வான்னு கூப்ட்டுக்கினே இருந்தாரு அண்ணி. கம்பெனில அண்ணன்னா எல்லாருக்கும் ஒரு மரியாத" என்றார் வந்தவர்.

அன்றைக்காவது நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். புது ஆள் கேட்டால் அவருக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்று ஆவியானவர் ஏவுவதாக எண்ணி எழுந்தேன். ஏவியது யார் என்று இப்போது தெரிகிறது. சாலையைச் சொன்னேன், லுங்கியைச் சொன்னேன், வாந்தியையும் விடவில்லை. அந்த ஆபரேட்டர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பைக்கில் வீடு திரும்பினோம். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"நான் குடிய வுட்டு எத்தினி வருசம் ஆவுது? நீதான் வாராவாரம் என்ன குடிக்க வெச்சி ரோட்டுல தள்ளிக்கினு கீற. நாளிக்கி அவன் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

"ஆண்டவரு மகிமைக்குத்தானங்க சொன்னேன்."

"அதுல ஆண்டவரு எங்க வர்றாரு? நீதான் வர்ற."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினேன். சாயங்காலம் ஜெபிக்க உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. என்னை வெறுமையாக்கும், உம்முடைய பிரசன்னத்தால் நிரப்பும் என்று வழக்கம்போல் தொடங்கினேன். மேலே சொல்ல வாய் வரவில்லை. 'நான்' ஒழிந்துபோன கதையைச் சொல்லிச் சொல்லியே அந்த நானுக்குச் சோறூட்டி வளர்த்திருக்கிறேன். ஆண்டவரை வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டு, அவர் எழுப்பி நிறுத்திய மனுஷனை வாராவாரம் தெருவில் கிடத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எத்தனை பேர் முன்னால் அந்தத் தலை குனிந்திருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. இந்த அழுகைக்கு ஸ்தோத்திரம் சொல்ல அங்கே யாரும் இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "சரி, வுடு" என்றார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சபைக்குக் கிளம்பவில்லை. என்னால் ஒருவர் ஆண்டவரின் வாசலை விட்டுப் போகிறாரே என்று பயமாக இருந்தது. தனியாகப் போனேன்.

சாட்சி நேரம் வந்ததும் பாஸ்டர், "சிஸ்டர்?" என்று என் பக்கம் பார்த்தார். கால் தானாக எழப் பார்த்தது. பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன். யோசித்துப் பார்த்தால், என் வீட்டுக்காரருடைய குடியை எடுத்துவிட்டால் என்னிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. பின்னால் இருந்த ஓர் அம்மா தன் பேத்திக்குக் காய்ச்சல் விட்டதைச் சொன்னார். அதை முழுதாகக் கேட்டேன். பிரசன்னம் இறங்கியதா என்று தெரியவில்லை. முழங்கால் வலித்தது மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சொன்னியா?"

"இல்லீங்க."

உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

"அப்பன்னா வர்ற வாரம் நானும் வர்றேன். ஒன்னு மட்டும். இன்னிக்கி வாய மூடிக்கினு இருந்த பாரு, அதப் போயி சாட்சியா சொல்லிடாத."

தலையைக் குனிந்துகொண்டேன். ஷேர் ஆட்டோவில் வரும்போதே அதைப் பாதிவரை கோத்து வைத்திருந்தேன், எங்கே அழ வேண்டும் என்பது உட்பட.